சுவரும் ஆணியும்

வீட்டுச் சுவரை அலங்கரிப்பது பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். கவிதையும் நாவலும் நாடகமும் இருக்க, ஆணியும் கலண்டரும் விமரிசனத்துக்குரிய பொருள்களாகுமா என்று அவர்கள் கேட்பர். நமது விடை எளியது. நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் ஓவியக் கண்காட்சி எதனையும் கண்டவரல்லர். அவர்கள் நாள்தோறும் காணும் ஓவியம் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதே. மக்கள் கலை பற்றிப் பேசப் புகுவோர் மக்களின் சுவரைப் பாராது பேசுவாராயின், அவர்தம் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

வெறுஞ்சுவரைக் குறைந்த செலவில் அழகுபடுத்துவது எப்படி என்று சஞ்சிகைகளின் குடும்பப் பக்கங்களும் விளம்பரங்களும் நெடுங்காலமாக அறிவுரை கூறி வருகின்றன. அவ்வறிவுரைகளைக் கூர்ந்து நோக்கின், அவை மூன்று எண்ணங்களின்மீது நிற்பதைக் காணலாம். வீட்டாருக்குச் சொந்தமாக ஒரு சுவர் உண்டு என்பது முதலாவது. அச்சுவர் வெறுமையாயிருப்பதற்குக் காரணம் வீட்டாரின் இரசனைக் குறைவு என்பது இரண்டாவது. சிறிது பணங்கொடுத்து எதையேனும் வாங்கி மாட்டினால் அக்குறை நீங்கிவிடும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஓரிடத்தில் வைத்துச் சோதித்தாலன்றி அவற்றின் உண்மை புலப்படாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலையை நாம் ஈண்டு உரைகல்லாகக் கொள்கிறோம்.

கீரிமலை பலருக்கு நகுலேஸ்வரத்தாலும், கடலோரத்து நன்னீர்க் கேணியாலும், ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனாலும் அறிமுகமான ஊர். அவ்வூரை அதன் கல்லைக் கொண்டும் அறியலாம். குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமீது அமைந்தது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளினூடு இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. கேணிக்கு நீரைத் தந்த அதே நிலந்தான் வீட்டுக்குச் சுவரையும் தந்தது. சுண்ணாம்புக்கல்லையும் முருகைக்கல்லையும் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே பழைய வீடுகளுக்குச் சாந்தும் பூச்சும் வெள்ளையும் ஆயிற்று. அருகே காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை அக்கல்லையே அகழ்ந்து, அரைத்து, சுட்டு, நாட்டின் பல பாகங்களுக்கும் அனுப்பியது. இலங்கையின் எத்தனையோ வீடுகளின் சுவர் வலிகாமம் வடக்கின் நிலத்திலிருந்து சென்றது எனின் அது மிகையாகாது.

அந்நிலத்து மக்களே தமது சுவர்களை இழந்தனர் என்பது நமது அண்மைக்கால வரலாற்றின் கொடிய முரண். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். அவர்களின் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று; சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே ஓய்ந்தது. மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணமுடித்துப் பிள்ளைகளும் பெற்றது. 2009இல் போர் முடிந்த பின்னரும் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றோர் பல இடங்களிற் கண்டவை கூரையற்ற, கதவும் யன்னலும் நிலையும் பெயர்த்தெடுக்கப்பட்ட மொட்டைச் சுவர்களே. சில இடங்களில் அவையுமில்லை.

இந்த இடைக்காலத்தில் அம்மக்களுக்குச் சுவராயிருந்தவை தரப்பாளும் தகரமும் கிடுகுமே. தரப்பாளில் ஆணி நில்லாது. தகரத்தில் ஆணி இறங்கினால் அதன் துளையினூடு மழை இறங்கும். உறவினர் வீட்டின் ஓரறையில் ஒதுங்கியவருக்குச் சுவர் உண்டு. அதில் ஆணி அடிக்க மனம் வராது. வாடகைக்கு இருப்பவரிடமோ, குடிபுகும் நாளிலேயே சுவரிற் கைவைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். ஆணி சிறு பொருள். ஆயினும் ஒருவர் ஓரிடத்திற் தங்கியிருக்கிறாரா, வாழ்கிறாரா என்பதை அது காட்டிவிடுகிறது. நாளை பெயர வேண்டியவர் ஆணி அடிப்பதில்லை. படங்களைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். இதனை உணராது வெறுஞ்சுவரை இரசனைக் குறைவின் அடையாளமாகக் காண்போர், வறுமையின் பொறுப்பை வறியவர் தலையிலேயே சுமத்துகின்றனர். சுவரலங்காரத்தின் முதற் சாதனம் ஆணி அடிக்கும் உரிமையாகும். படமும் வண்ணமும் அதன் பின்னரே வருவன.

இவ்வுரிமை ஆட்சியாளரின் கண்ணுக்கு எத்துணை புலப்படாதது என்பதற்கு உருக்கு வீட்டுத் திட்டம் சான்றாகும். போரினால் வீடிழந்த வடக்குக் கிழக்கு மக்களுக்கு 65,000 வீடுகளை, ஆர்செலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனத்தைக் கொண்டு, முன்கூட்டியே தயாரித்த உருக்குப் பாகங்களாற் பொருத்துவிக்க 2015, 2016ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் முனைந்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்திலோ ஒரு குடும்பத்துக்கு 5½ இலட்சம் ரூபாவே வழங்கப்பட்டது. மக்கள் தாமே கல்லரிந்து, மேசனுக்குக் கையாளாக நின்று, கடனும் பட்டு வீட்டை முடித்தனர். உருக்கு வீட்டின் விலையையும் வெப்பத்தையும் பொறியியலாளரும் பொருளியலாளரும் சுட்டிக்காட்டினர். குடியிருப்போர் தம் கையால் மாற்றவும் விரிக்கவும் வாய்ப்பற்ற வீடு அது என்பதும் எழுந்த எதிர்ப்பின் ஒரு கூறாகும். முடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மக்களுக்கு வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் பெட்டி என்று எண்ணுவோருக்கும், அது தம் கைபட வளரும் பொருள் என்று அறிந்தோருக்கும் இடையே நிகழ்ந்த கருத்துப் போராகவே அதனை நாம் காண்கிறோம்.

கீரிமலையிலே நல்லிணக்கபுரம் என்னும் பெயருடன் இராணுவத்தினர் கட்டிய 100 வீடுகள் 2016இல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கையளிக்கப்பட்டன. அச்சுவர்கள் எவர் கையால் எழுந்தன என்பதைக் குடியேறியவர் மறந்திருக்க முடியாது. ஆயினும் ஊர்பெயர்ந்து 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த, ஆணி தாங்கும் சுவர் அது. இனி அந்த ஆணியில் தொங்குவது யாது என்பதே நமது அடுத்த வினா.

நம்மவர் வீடுகளில் முதலில் தொங்குவது கலண்டர். புத்தாண்டுக்குக் கடைக்காரர் இலவசமாகத் தருவது. ஆண்டு முடிந்ததும் திகதித் தாள் தீர்ந்துபோக, படம் மட்டும் தங்கிவிடும். அப்படத்தின் கால்வழி நீண்டது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த தைலவண்ண ஓவியத்தை மலிவான வண்ண அச்சுப்படமாக்கினார். பிற்காலத்தில் கோவிற்பட்டியின் கொண்டையராஜுவும் அவர் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களினூடே இலட்சக்கணக்கில் வெளிவந்து, பாக்குநீரிணையையும் கடந்து ஈழத்துக் குடிசைகளை அடைந்தன.

இவ்வகை ஓவியத்தைக் கலை விமரிசகர் பலர் இகழ்ந்தனர். அவருள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடகமேடை நடிகர்போல நிற்பதையும், ஐரோப்பிய உத்தியை இந்தியப் பொருள்மீது போர்த்தியதையும் அவர் கண்டித்தார். கிராமக் கைவினைஞனின் ஆக்கத்தில் இருந்த உயிர் இயந்திரப் பண்டத்தில் இல்லை என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. அதில் உண்மையுண்டு. ஆனால் அவர் கேளாத கேள்வி ஒன்றும் உண்டு: அந்தப் படம் எவருடைய வீட்டுக்குச் சென்றது?

கீரிமலைக்கு அணித்தேயுள்ள மாவிட்டபுரம் இக்கேள்விக்கு விடை கூறும். 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் தொடக்கிவைத்த எழுச்சி, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலை அடைந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயத்தினுள் நுழையும் உரிமை கோரி வாயிலில் அமர்ந்தனர். சாதிமான்கள் வழிமறித்து நின்றனர். சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் நிலைமை இதுவாயிருந்தது. அக்கோயிலின் மூலவரை அருகிற் சென்று காண உரிமையற்றிருந்தவரின் மண்சுவரில், கடைக்காரர் கொடுத்த கலண்டரில், வள்ளி தெய்வானை சமேதராக முருகன் நின்றான். அச்சு இயந்திரம் எவரிடமும் சாதி கேட்கவில்லை. கோயில் மதில் மறைத்த கடவுளை ஒரு தாளும் ஓர் ஆணியும் வீட்டுக்குள் கொண்டுவந்தன. இந்தச் சமுதாயப் பயனைக் காணாது கலண்டர்ப் படத்தை அழகியல் தராசில் மட்டும் நிறுத்தல் அரைகுறை விமரிசனமாகும்.

அதனால் கலண்டர்ப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் நாம் ஆயத்தமாயில்லை. உற்று நோக்குங்கள்: தெய்வத்தின் காலடியில் நகைமாளிகையின் பெயர் தெய்வத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் நிற்கும். இலவசம் என்று நாம் கருதுவது, ஆண்டு முழுவதும் நம் வீட்டுச் சுவரை வாடகையின்றி வணிகருக்குக் கொடுத்ததன் கைம்மாறே. தெய்வங்களின் நிறத்தையும் பாருங்கள். வெயிலிற் கறுத்த உழைப்பாளியின் வீட்டில் அவர் வணங்கும் உருவங்கள் யாவும் வெயில்படாத மேனியுடன், செல்வர் வீட்டு அணிகலன்களைச் சுமந்து நிற்கின்றன. சாதியின் கதவைத் தாண்டி வந்த படம் வர்க்கத்தின் அழகிலக்கணத்தையும் உடன்கொண்டே வந்தது.

இன்று சுவருக்கு வரும் பண்டங்கள் இதனினும் ஒருபடி கீழானவை. கலண்டர்த் தெய்வத்துக்கேனும் வீட்டாரின் நம்பிக்கையுடன் தொடர்பு உண்டு. பிளாத்திக்கு ஒட்டுப்படங்களில் பனிமலையும், இலையுதிர்காலத்துச் செந்நிறக் காடும், நம் மண்ணில் விளையாத பழங்கள் நிறைந்த தட்டும் விற்பனையாகின்றன. கனடாவிலோ நோர்வேயிலோ வாழும் மகன் பனியில் நின்று எடுத்தனுப்பிய புகைப்படத்தைத் தாய் சுவரில் மாட்டுவது வேறு. அப்பனியில் அவள் மகனின் குளிர் இருக்கிறது. கடையில் வாங்கிய பனிமலையில் எவர் குளிரும் இல்லை. உப்புக்காற்றில் ஓராண்டுக்குள் ஓரம் சுருண்டு, பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும் அப்படத்துக்குக் கொடுத்த காசும் சிறியதன்று.

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் சுவர்த்தாள்களுக்கு இணையற்ற வடிவங்களை வரைந்தவர். பின்னர் சோசலிசவாதியாக மாறித் தெருமுனைகளிலே தொழிலாளரிடம் பேசியவர். கலை எல்லாருக்கும் உரியதாக வேண்டுமென்று அவர் வாதாடினார்; அவருடைய பட்டறையின் பண்டங்களையோ செல்வரே வாங்க முடிந்தது. முறையாகச் செய்த பொருள் விலை கூடியதாகவும், மலிவான பொருள் உழைப்பாளியைச் சக்கையாய்ப் பிழிந்ததாகவும் இருக்கும் சமுதாய அமைப்பு மாறாமல் இம்முரண் தீராதென்று அவர் கண்டார். குமாரசுவாமி இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூல், மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது என்பது ஈண்டு நினையத்தக்கது. அப்பொறி குமாரசுவாமியிடம் வந்து சேர்ந்தது; மொரிஸின் வர்க்க நோக்கு அதே அளவுக்கு வந்து சேரவில்லை. நாம் இருவரிடமிருந்தும் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஏழையின் சுவருக்கு அழகு வாங்கும் வழியால் வருவது அரிது; செய்யும் வழியால் வருவது இயலும்.

செய்தல் என்னும்போது சுவரில் மிகப் பழைய, மிக உண்மையான ஓர் ஆக்கத்தை முதலில் நினைவுகூர வேண்டும். அது இறந்தோரின் படம். பிதிர்களுக்கு நீர்க்கடன் கழிக்கும் கீரிமலையில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பாட்டனின் படமும், போரில் மாண்ட பிள்ளையின் படமும் மாலையுடன் ஒரே வரிசையில் தொங்கும் சுவர்கள் வடக்கிற் பல. காணாமலாக்கப்பட்டவரின் படமோ மாலையின்றித் தொங்குகிறது. மாலையிட்டால் மரணத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று தாய் அஞ்சுகிறாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர்போராட்டத்தில் தாய்மார் அப்படங்களைச் சுவரிலிருந்து கழற்றி, கையிலேந்தித் தெருவிற் குந்தினர். வீட்டுச் சுவரில் அழகுக்கென மாட்டியதாக எவரும் கருதாத ஒரு புகைப்படம், அரசின் முன் நீட்டும் சாட்சியமாயிற்று. சுவரலங்காரம் பற்றிய எந்தக் கைந்நூலும் இந்தப் பயனைக் குறிப்பிடுவதில்லை.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்னும் நூலையும் இத்தொடர்பிற் குறிப்பிடல் தகும். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் இந்நூலில், போரால் இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்துள்ளனர். அவ்வரைபைக் கட்டடக் கலைஞரின் அளவுப்படமும் ஓவியரின் சித்திரமும் தொடர்கின்றன. ஓவியரின் சித்திரங்கள் சிறந்தவையே. எனினும் நம்மைப் பிடித்து நிறுத்துவன, கோடுகள் கோணிய அந்த முதல் வரைபுகள். வரையத் தெரியாது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தவர்கள் அவர்கள். கிணறு எங்கே, சுவாமியறை எங்கே, வேம்பு எங்கே என்று காட்ட நேர்ந்தபோது அவர்களுக்கு வரையத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டியது இருப்பவரிடம் சித்திரம் இருக்கிறது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

இனி, கையிற் காசு குறைந்தவர் தம் சுவருக்கு என்ன செய்யலாம் என்பதை வெளிப்படையாகக் கூறுவது நம் கடமை. முதலாவது, சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள் நீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது நீலங்கலந்து இரண்டு மூன்று தடவை அடித்தால், பூச்சற்ற சீமெந்துக்கற் சுவரும் ஒளிபெறும். அதன் காரத்தன்மை பூஞ்சணத்தையும் தடுக்கும். அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவி பூசினால் அழுக்கும் தெரியாது. சுவருக்கு ஒரு வரம்பும் கிடைக்கும். பெயின்ற் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். இரண்டாவது, ஒரு சுவருக்கு ஒரு பொருள் போதும். ஒன்பது படங்களை நெருக்கி மாட்டினால் ஒன்றையும் கண் பார்ப்பதில்லை. வெண்சுவரின் நடுவே தனித்து நிற்கும் ஒன்றைக் கண் தேடிச் செல்லும். தாளைச் சுவரில் ஒட்டுவதாயின், மாப்பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. புத்தகம் கட்டுவோர் இதனை அறிவர். மயில்துத்தம் நஞ்சாதலால் குழந்தைகளின் கைக்கு எட்டாது வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பனையோலை. குடாநாட்டின் பெண்கள் சாயமிட்ட ஓலையில் இழைக்கும் பாயும் தட்டும் பெட்டியும் சுற்றுலாக் கடைகளில் விலைபெறுகின்றன. கொழும்பின் வரவேற்பறைகளில் தொங்குகின்றன. அவற்றை இழைத்தவர் வீட்டிலோ சுளகும் கடகமும் அடுப்படியிற் கிடக்க, சுவரில் பிளாத்திக்கு ரோசாப்பூ தொங்குகிறது. இது வெறும் நாகரிக மயக்கமன்று. ஓலை வேலை ஏழைகளின் வேலை, தாழ்த்தப்பட்டோரின் வேலை என்று நமது சமூகம் எழுதாச் சட்டம் வைத்திருந்தது. அதனால் இழைத்த கையே தன் இழைப்பைச் சுவரேறத் தகுதியற்றதாக எண்ணுகிறது. அந்தப் பின்னலை எடுத்து நடுச்சுவரில் மாட்டுவது செலவற்ற அலங்காரம். அதே வேளையில் ஒரு பழைய இழிவை மறுக்கும் செயலுமாகும்.

நான்காவது, குழந்தைகளின் சித்திரம். இதனை நாம் சிறப்பாக ஆசிரியர்களை நோக்கியே கூறுகிறோம். நமது பாடசாலைப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், மலையடியில் ஓர் ஆறு, ஆற்றோரத்தில் ஓட்டுவீடு என்று வரைந்து தரும். குடாநாட்டில் மலையுமில்லை, ஆறுமில்லை. கீரிமலையிலும் மலை பெயரில் மட்டுமே உண்டு. அப்பிள்ளை தான் காணாததை வரைவதற்குக் காரணம், கண்டது வரையத்தக்கது என்று எவரும் அதற்குச் சொல்லிக் கொடுக்காமையே. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாடம் கணிதத்துக்குக் கடனாகப் போய்விடுகிறது. கதியால் வேலியையும், கேணிப் படியையும், கூரையின்றி நிற்கும் அயல்வீட்டையும், அம்மாவின் கையில் சார்வோலையையும் வரையும்படி ஓர் ஆசிரியர் கேட்பாராயின், அத்தாள் வீட்டுச் சுவருக்குப் போகும். தன் சித்திரம் சுவரில் நிற்பதைக் கண்ட பிள்ளை, தன் வாழ்வு பார்க்கத்தக்கது என்பதையும் அறிந்துகொள்ளும். அடுத்த தலைமுறையின் கவிஞரும் ஓவியரும் அவ்வறிவிலிருந்தே பிறக்க வேண்டும்.

தொடக்கத்தில் நாம் எடுத்துக்கொண்ட மூன்று எண்ணங்களும் கீரிமலையின் உரைகல்லில் நில்லாமற் போயின. சுவர் எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. அதன் வெறுமைக்குப் போரும் சாதியும் வறுமையும் காரணமாயிருந்தன. அதனை நிரப்ப வல்லவை கடையிலிருந்தவற்றிலும் மக்களின் கையிலும் நினைவிலும் இருந்தவையே. வலிகாமம் வடக்கில் இன்னமும் விடுவிக்கப்படாத காணிகள் உள. அக்காணிகளுக்கு உரியோர் சுவருக்காகக் காத்திருக்கும்வரை, மலிவான அலங்காரம் பற்றிய எந்த அறிவுரையும் அவர்களுக்குப் பரிகாசமாகவே ஒலிக்கும். நிலம் கேட்கும் குரலோடு சேர்ந்தே அழகு கேட்கும் குரலும் எழவேண்டும். ஒன்றைப் பெற்ற பின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்போர், முகாமில் பிறந்து முகாமிலேயே சித்திரம் வரையக் கற்ற பிள்ளைகளை மறந்தவராவர்.